கல் கரையும் வரைக்கும்

ஏப்ரல் 9, புதன்

அவருக்குக் கல். இடது பக்கம், ஆறு மில்லிமீட்டராம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், ரிட்டயராகி இரண்டு வருடம் ஆகிறது. உடம்புக்கு முடியவில்லை என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று “மாரி, பிடிச்சுக்கோ” என்றார்.

டாக்டரைப் பார்த்தால் காலேஜ் பையன் மாதிரி இருக்கிறார். “இஞ்சின் சூட்டுலயே உக்காந்து, தண்ணி குடிக்காம, ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கி வச்சு… டிரைவர்களுக்கு வர்றதுதான். மாத்திரை தர்றேன். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்க, தானா வெளிய வந்துரும். ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன் பாப்போம்” என்றார்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று. “ஜூன் எட்டாந்தேதி சம்மணம் போட்டு உக்கார முடியுமா சார்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பேரனுக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று நான் விளக்கினேன். ரேணுகா எங்களுக்கு ஒரே மகள், கூடப் பிறந்தவன் கிடையாது. முறைப்படி அவள் பெரியப்பா மகன்தான் தாய்மாமனாக உட்கார வேண்டும். அவளோ “எங்க அப்பா மடிதான்” என்று திருப்பூரிலிருந்து போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். “ஆறு வருஷம் குடிக்காம இருந்திருக்காரும்மா. அதுக்கு நான் செய்யிற மரியாதை” என்றாள். இந்தக் கடைசி விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு.

ஏப்ரல் 10, வியாழன்

வாழைத்தண்டுச் சாறு. முள்ளங்கி. நெருஞ்சிமுள் கஷாயம். ஏழு சொம்பு தண்ணீர். இன்று அவர் என்னிடம் பேசியது: “உப்பு இல்ல”, “போதும்.”

ஏப்ரல் 12, சனி

நூலகத்தில் கூட்டம் இல்லை. பகுதி நேர நூலகம், பகுதி நேர வாசகர்கள், பகுதி நேரமாக நான். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வார இதழ்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பீர் குடிப்பதால் உடம்புக்குக் கிடைக்கக்கூடிய நன்மைகள் என்று அரைப்பக்கம். முதலில் சிரித்தேன். பிறகு படித்தேன். பிறகு உறுப்பினர் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டேன்.

சிறுநீர் நன்றாகப் பிரியும். சின்னக் கல் என்றால் நகர்ந்து வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. எலும்புக்கு வலு சேர்க்கும் சத்து இருக்கிறது. நல்ல கொழுப்பு கூடலாம். பதற்றம் தணியும். எல்லாம் அளவோடு குடித்தால் என்று போட்டிருந்தது. கடைசிப் பத்தி கொஞ்சம் நீளம். படிவத்தில் இடம் இல்லாததால் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பேப்பர் படிக்க வந்த தபால்காரரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். “அட, எங்க மச்சினனுக்கு ரெண்டே பாட்டில்ல கரைஞ்சு வந்துருச்சே” என்றார். படித்தவர்களும் சொல்கிறார்கள், படிக்காதவர்களும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறுபடியும் வலி. தரையில் புரண்டார். சுவரில் காலை வைத்து உதைத்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

சாயங்காலம் மூக்கையா வந்தார். இவர் பஸ்ஸில் பதினாறு வருடம் கண்டக்டராக இருந்தவர், இவருக்குத் தம்பி மாதிரி. அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் படிவத்தைக் காட்டினேன். ஒரு பாட்டில் வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

“மதினி, யோசிச்சுத்தேன் பேசுறீகளா?”

“பீர்தான. பிராந்தியா கேட்டேன்?”

“எல்லாம் ஒரே பஸ்ஸுதேன் மதினி. ஏறுற ஸ்டாப்பு மட்டுந்தேன் வேற. ரேணு நிச்சயத்தன்னைக்கு நடந்தது மறந்துபோச்சா?”

மறக்குமா? சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருக்க, இவர் சாம்பார் வாளியோடு இலை மேலேயே விழுந்தார். ரேணு அழவில்லை. “இனிமே அப்பா குடிச்சா இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். எனக்குப் பிறக்கிற பிள்ளையும் மிதிக்காது” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். அடுத்த வாரம் இவர் கோயிலுக்குப் போய், இனிக் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கிடையாது.

எனக்கு மூக்கையா மேல் ரொம்பக் கோபம். காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

நூலகம் விடுமுறை. கோயிலுக்குப் போனோம்.

குடியை விடுகிறவர்கள் அந்தக் கோயிலில் சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். வருடா வருடம் ஆடியில் புதுக்கயிறு மாற்ற வேண்டும். குடிக்க வேண்டுமென்றால் சாமியிடம் சொல்லி அவிழ்த்துவிட்டுத்தான் குடிக்கலாம். கயிறோடு குடித்தால் ரத்தம் கக்கும் என்பார்கள். அந்தப் பயத்தில்தான் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது.

பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் “வேணாம் மாரி, வலிய நான் தாங்கிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். “ஜூன் எட்டுல மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு வலி வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். எதைச் சொன்னால் அடங்குவார் என்று எனக்குத் தெரியும்.

பூசாரி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “மருந்துக்குன்னா சாமி பொறுத்துக்கிரும் தாயி. ஆனா நான் அவுக்க மாட்டேன். கட்டுனவுக யாரோ அவுகளே அவுக்கட்டும்.”

போன ஆடியில் புதுக்கயிறு கட்டியது நான்தான். நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் நகத்தால் நெருட வேண்டியிருந்தது. கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்த இடத்தையே தடவிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 19, சனி

நானே போய் வாங்கினேன். யாரும் தெரிந்தவர்கள் பார்க்கக் கூடாதென்று விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒயின் ஷாப் வரிசையில் நின்றேன் என்று யாரிடம் சொல்வது? இந்த நோட்டிடம்தான். அங்கே நின்ற ஆண்கள் அத்தனை மரியாதை. “அம்மாவுக்கு வழி விடுங்கப்பா” என்று ஒதுங்கினார்கள். ஒருவர் சிகரெட்டைக் கூடக் கீழே போட்டு மிதித்தார். கல்யாண வீட்டில் கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. பழைய பேப்பரில் சுற்றிக் கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தேன். கஷாயம் குடிப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். கால் மணி நேரம் கழித்து, “மாரி, இந்தச் சேலை எப்ப எடுத்தது?” என்று கேட்டார்.

நான்கு வருடத்துச் சேலை. வாரத்துக்கு ஒரு தடவை கட்டுகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மருந்து ஒன்று. சிறுநீர் நன்றாகப் போகிறது. வலி இல்லை.

பேசுகிறார். கயிறு கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் நான் சுவரோடுதான் குடித்தனம் நடத்தினேன். நல்ல மனுஷனாகிவிட்டார் என்று ஊரே மெச்சியது. நல்ல மனுஷன்தான், சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. தட்டைப் போட்டால் சாப்பிடுவார், சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைப்பார். பேச்சு மட்டும் கிடையாது. குடியோடு சேர்த்து வாயையும் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று ரேணுவிடம் ஒரு தடவை சொன்னேன். “கொடுத்து வச்சிருக்கணும்மா நீ” என்று சிரித்தாள்.

இன்று ராமேசுவரம் டிரிப்பில் ஒரு பாட்டி கோழியோடு ஏறிய கதையைச் சொன்னார். கோழிக்கு டிக்கெட் கேட்ட மூக்கையாவை அந்தப் பாட்டி கோழியாலேயே அடித்தாளாம். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மருந்து இரண்டு. வெயில் அதிகமென்பதால் இன்னொன்று. பீர் குளிர்ச்சி என்றும் சொல்கிறார்கள்.

மே 3, சனி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் உருவினார். காம்பையும் சேர்த்துத்தான் போட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. “உன்னைய ரொம்பப் பாடாப் படுத்திட்டேன்ல?” என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. நான் கீரையைப் பார்த்துக்கொண்டே “ஆமா” என்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

ரேணு போன் செய்தாள். பிள்ளை நடை வண்டி தள்ளுகிறானாம். அப்பா எப்படி என்றாள். வலி குறைந்துவிட்டது, நாட்டு மருந்து கொடுக்கிறேன் என்றேன்.

மே 9, வெள்ளி

ஸ்கேன் எடுத்தாயிற்று. அங்கே கூட்டம். ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்றார்கள். அவரை இன்னொரு நாள் வெயிலில் அலைக்கழிப்பானேன், நானே வாங்கி டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 10, சனி

ரிப்போர்ட் வாங்கினேன். டாக்டரைப் பார்த்தேன். தண்ணீர் தொடர்ந்து குடிக்கச் சொன்னார்.

வரும் வழியில் புளி, வெல்லம் வாங்கினேன். கேஸ் வந்திருந்தது. “என்ன சொன்னாரு?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்காம்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ப் புளியை டப்பாவில் போட்டேன். மருந்து இரண்டு.

மே 14, புதன்

இனிமேல் தானே போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் பஸ் ஏறிப் போவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

பீர் கிடைக்கவில்லையாம். சின்ன பாட்டிலாக வேறு ஏதோ வாங்கி வந்தார். இந்த ஒரு நாள்தான் என்றார்.

மே 17, சனி

இன்றும் கிடைக்கவில்லையாம்.

மே 19, திங்கள்

கோழிக் கதையை மூன்றாவது தடவை சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தார். சாம்பார் சுவரெல்லாம் வழிந்தது. துடைத்தேன்.

இனி மறைத்து எழுதிப் பிரயோஜனமில்லை. கல் இல்லை. பத்தாம் தேதியே டாக்டர் சொல்லிவிட்டார். “போயிருச்சும்மா, கிளீனா இருக்கு. தண்ணி குடிச்சதே போதும்னு சொன்னேன்ல” என்று சிரித்தார். பீர் பற்றிக் கேட்டேன். “அந்த வேலையே வேணாம்மா. சில கல்லுக்கு அது இன்னும் கெடுதல். அதுவும் குடிய விட்டவருக்கா?” என்றார். நான் எழுதிக்கொள்ளாமல் விட்ட கடைசிப் பத்தியிலும் அதுதான் இருந்தது. பழக்கம் இருந்து விட்டவர்கள் தொடவே கூடாது, கல்லுக்கு மருந்து என்று யாரும் குடிக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். படிவத்தில் இடம் இருந்தது. முழுப்பக்கம் இருந்தது.

கல் போய்விட்டது என்று சொன்னால் பேச்சும் போய்விடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இன்னும் ஒரு வாரம் பேசட்டும், ஜூன் பிறந்ததும் நிறுத்திவிடலாம், கோயிலுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். என்னவோ அடுப்பைக் குறைப்பது மாதிரி.

மே 20, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிட்டேன். கல் கரைந்து பத்து நாளாகிறது, நிறுத்திவிடலாம் என்றேன்.

“எனக்கும் தெரியும் மாரி. மே மாசம் பிறந்தப்பவே விழுந்துருச்சு. ஒண்ணுக்குப் போறப்பச் சத்தங்கேட்டுச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

நாளையிலிருந்து தொட மாட்டேன் என்றார். நான் நம்பினேன்.

மே 21, புதன்

தொடவில்லை. கை நடுங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது.

மே 22, வியாழன்

தொட்டார்.

மே 24, சனி

ரேணு வந்தாள். சொல்லாமல் வந்தாள். விசேஷத்துக்கு அப்பாவுக்குப் பட்டு வேட்டி எடுத்திருந்தாள், ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருக்கிறாள். பகல் பதினோரு மணி. அவர் கூடத்தில் தரையில் கிடந்தார். பக்கத்தில் பாட்டில். வேட்டியும் சரியில்லை.

இடுப்பில் பிள்ளையோடு வாசல் நிலையிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. பிள்ளை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டித் தாவினான். அவர் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். வேட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். “பாப்பா” என்றார்.

“எப்ப இருந்து?” என்று ரேணு என்னைக் கேட்டாள். “கயித்த எப்பம்மா அவுத்தாரு? யாரு வாங்கிக் குடுத்தா? மூக்கையா மாமாவா?”

என் வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தது.

“யாரும் இல்ல பாப்பா” என்றார் அவர். “நான்தான். அம்மாவுக்குத் தெரியாம கோயிலுக்குப் போய் அவுத்துட்டேன். நானாத்தான் வாங்குனேன். அவள ஒண்ணுஞ் சொல்லாத.”

குழறாமல் சொன்னார். அத்தனை போதையிலும் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பட்டு வேட்டிப் பையை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டாள், அது தெருமுனையில் இன்னும் திரும்பக்கூட இல்லை. கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். நான் அங்கேயே நின்றேன்.

மே 25, ஞாயிறு

இந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மே 30, வெள்ளி

மூக்கையா வந்தார். ரேணு பெரியப்பா மகனிடம் பேசிவிட்டாளாம். அவன் மடியில்தானாம். எங்களுக்கு அழைப்பு இல்லை. மூக்கையாவுக்கு இருக்கிறது. “நான் போகல மதினி” என்றார். போகச் சொன்னேன், யாராவது பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமே. அவர் என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஜூன் 7, சனி

அவர் இன்று குடிக்கவில்லை. நாளை விசேஷமாம்.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததும் குளித்தார். தானே சவரம் செய்துகொண்டார், கை நடுங்கி இரண்டு இடத்தில் கீறல். வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரை தாண்டும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். எதிரே போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து ரேணுவுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையைப் படித்தது, விருதுநகர் கடை, கயிற்றை அவிழ்த்தது என் கை, ரிப்போர்ட்டை மறைத்தது என் வாய். “அப்பா மேல ஒரு தப்பும் இல்ல ரேணு. அவரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் குடுத்தேன். அவரு பேசணுங்கிறதுக்காகக் குடுத்தேன். நானே அவரக் கெடுத்துட்டேன்.” அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கம் மேளச் சத்தம், பாத்திரச் சத்தம்.

“முடிச்சிட்டியாம்மா?” என்றாள்.

“ரேணு…”

“நான் மூணாப்பு படிக்கையில டிப்போவுக்குப் போன் போட்டு அவருக்கு ஜுரம்னு சொன்ன. ஏழாப்புல அவரு அடிச்ச காயத்த, கதவு இடிச்சதுன்னு டீச்சர்கிட்டச் சொன்ன. நிச்சயத்தன்னைக்குச் சக்கரை மயக்கம்னு சம்பந்திகிட்டச் சொன்ன. இப்ப ஒயின் ஷாப்புல நீயே போய் நின்னேன்னு என்கிட்டயே சொல்ற. நீ? அந்தக் கடை இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டியேம்மா. அவருக்காக இன்னும் எவ்வளவு பொய் சொல்லுவ?”

“இது பொய் இல்லடி.”

“அவரே அவரு வாயால ஒத்துக்கிட்டாரு. அந்த ஒரு நேர்மையாவது அவருக்கு இருக்கு. உன்ன நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. நீ மட்டும் கிளம்பி வந்துரும்மா.” யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

கீழே இறங்கி வந்தேன். அவர் இன்னும் சம்மணம் கலைக்கவில்லை. காலெல்லாம் மரத்துப்போயிருக்கும். நான் யாரோடு பேசினேன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

“குத்தும்போது அழுதானா?” என்றார்.

“கொஞ்சம்தான்” என்றேன். “தாத்தா எங்கன்னு சுத்திச் சுத்திப் பாத்தானாம்.”

பதினோரு மாதப் பிள்ளை. அவரை மொத்தம் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறது.

அவர் அதை நம்பினார்.